ஒன்பதரைச் சதுர மீட்டரின் விலை

ஜப்பானின் தென்கோடி நிலத்தின் பரப்பு 9.44 சதுர மீட்டர். அதுவும் ஒரே துண்டு இல்லை, இரண்டு பாறைகள். வடக்குச் சிறுதீவு என்று பெயரிட்டிருக்கும் பாறை 7.86 சதுர மீட்டர். கிழக்குச் சிறுதீவு 1.58 சதுர மீட்டர். இரண்டையும் ஒட்டவைத்தால் நம் ஊர் வீட்டில் பத்துக்குப் பத்து அறை ஒன்று தேறும். 1987-க்கும் 1993-க்கும் இடையே இந்த இரு பாறைகளையும் கடல் கரைத்துவிடாமல் காக்க ஜப்பான் ஏறத்தாழ 2,850 கோடி யென் செலவழித்தது. சதுர மீட்டருக்குக் கணக்குப் போட்டால் 302 கோடி யென் வருகிறது. ஒரு யென் இன்றைய மதிப்பில் இந்திய ரூபாயில் ஐம்பது பைசாவைச் சற்றே தாண்டும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் இந்தக் கட்டுரையில் வரும் தொகைகளைப் பாதியாக்கிப் படித்துக்கொள்ளலாம்.

எல்லா நாடுகளுக்கும் நான்கு கோடிகள் உண்டு. பெரும்பாலான நாடுகளில் அவை பள்ளிப் புவியியல் பாடத்தோடு முடிந்துபோகும். ஒரு கல்தூண், ஒரு பெயர்ப்பலகை, படம் எடுத்துக்கொள்ள வரும் சுற்றுலாப் பயணிகள். ஜப்பானில் அந்த நான்கு கோடிகளுக்கும் பட்ஜெட் இருக்கிறது. அந்தப் பணம் எங்கே அதிகம் போகிறது, எங்கே குறைவாகப் போகிறது என்று வரிசைப்படுத்திப் பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது: மனிதர் வாழவே முடியாத கோடிக்குத்தான் பெருந்தொகை. வாழ்கிறவர்கள் இருக்கும் கோடிகளுக்கு வருவது சில்லறை.

முதலில் நீள அகலம். வடகோடி, ஜப்பானின் ஆட்சி நடப்பில் உள்ள வரையில், ஹொக்கைதோவின் சோயா முனைக்கு எதிரே உள்ள பென்தென்ஜிமா என்னும் பாறைத்தீவு: வடக்கு 45 பாகை 31 கலை. தென்கோடி மேலே சொன்ன இரு பாறைகள் இருக்கும் ஒகினோதொரிஷிமா: 20 பாகை 25 கலை. இடைவெளி 25 பாகைக்கு மேல், ஏறத்தாழ 2,800 கிலோமீட்டர். மேற்குக் கோடி யோனாகுனித் தீவு, கிழக்கு 122 பாகை 56 கலை. கிழக்குக் கோடி மினாமிதொரிஷிமா, 153 பாகை 59 கலை. இவை இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகையில் இருப்பதால் கணக்கு எளிது: 31 பாகை, சுமார் 3,150 கிலோமீட்டர்.

இந்த நான்கு எல்லைகளையும் வைத்துப் பூமியின் மேல் ஒரு கட்டம் வரைந்தால் அதன் பரப்பு ஏறத்தாழ 80 லட்சம் சதுர கிலோமீட்டர். கொரியத் தீபகற்பம் முழுவதும் அதற்குள் அடங்கிவிடும். அந்தக் கட்டத்துக்குள் ஜப்பானின் நிலம் 3.78 லட்சம் சதுர கிலோமீட்டர்தான், நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. ஆனால் நாட்டின் கடற்பரப்பும் பிரத்தியேகப் பொருளாதார மண்டலமும் சேர்ந்தால் சுமார் 44.7 லட்சம் சதுர கிலோமீட்டர். நிலத்தைப் போலப் பன்னிரண்டு மடங்கு. ஜப்பானின் கோடிகளைப் பற்றிய எந்தக் கணக்கும் இந்தப் பன்னிரண்டு மடங்கிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

31 பாகைக்கு இன்னொரு விளைவும் உண்டு. பூமி மணிக்கு 15 பாகை சுழல்கிறது. ஆகவே மினாமிதொரிஷிமாவில் உதிக்கும் சூரியன் யோனாகுனிக்கு வர 2 மணி 4 நிமிடம் ஆகும். புத்தாண்டு நாளில் கிழக்குக் கோடியில் ஏறத்தாழ ஐந்தரை மணிக்குச் சூரிய உதயம், மேற்குக் கோடியில் ஏழரை மணிக்கு. நாடு முழுவதும் ஒரே கடிகாரம். 1896 முதல் 1937 வரை யோனாகுனி உள்ளிட்ட மேற்குத் தீவுகளுக்கு ஒரு மணி நேரம் பிந்திய தனி நேரம் இருந்தது. அதை எடுத்துவிட்ட பிறகு, அந்தத் தீவுக் குழந்தைகள் குளிர்காலத்தில் விடிந்தும் விடியாத வேளையில் பள்ளிக்குக் கிளம்ப வேண்டியதாயிற்று. இந்தச் செலவு எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை.

தென்கோடி: செலவின் கதை

ஒகினோதொரிஷிமா தோக்கியோவிலிருந்து ஏறத்தாழ 1,740 கிலோமீட்டர் தெற்கே, பசிபிக் பெருங்கடலின் நடுவில் இருக்கும் பவளத்திட்டு. கிழக்கு மேற்காக 4.5 கிலோமீட்டர், வடக்குத் தெற்காக 1.7 கிலோமீட்டர், சுற்றளவு 11 கிலோமீட்டர். கடல் வற்றும்போது திட்டின் விளிம்பு தெரியும். ஏறும்போது எல்லாம் மூழ்கி அந்த இரண்டு பாறைகள் மட்டும் எஞ்சும். கடல் முழுமையாக ஏறியிருக்கும் நேரத்தில் ஒன்று சுமார் 16 சென்டிமீட்டரும் மற்றது சுமார் 6 சென்டிமீட்டரும் நீருக்கு மேலே நிற்கும்.

1922-இலும் 1925-இலும் ஜப்பானியக் கடற்படையின் அளவைக் கப்பல் இங்கே வந்து அளந்தது. 1931-இல் ஜப்பான் இதைத் தன் நிலமாக அறிவித்து, தோக்கியோவின் ஆளுகைக்குள் சேர்த்தது. அப்போது ஐந்தாறு பாறைகள் நீருக்கு மேலே இருந்தன. கலங்கரை விளக்கமும் வானிலை நிலையமும் கட்ட 1939-இல் அடித்தளம் போடத் தொடங்கி, போர் வந்ததும் கைவிட்டார்கள். போருக்குப் பின் அமெரிக்காவின் கையில் இருந்து, 1968-இல் ஒகசவாராத் தீவுகளோடு திரும்பி வந்தது. 1980-களில் கணக்கெடுத்தபோது மிஞ்சியிருந்தவை இரண்டே பாறைகள்.

அப்போதுதான் அவசரம் பிறந்தது. காரணம் எளிய வடிவியல். ஒரு தீவைச் சுற்றி 200 கடல் மைல், அதாவது 370 கிலோமீட்டர் ஆரத்துக்குக் கடல் வளத்தின் மீது உரிமை கோரலாம். தனித்து நிற்கும் ஒரு புள்ளியைச் சுற்றி அந்த ஆரத்தில் வட்டம் போட்டால் 4.3 லட்சம் சதுர கிலோமீட்டர். வேறு ஜப்பானியத் தீவுகளின் வட்டத்தோடு ஒன்றன்மேல் ஒன்று விழும் பகுதியைக் கழித்தால் நான்கு லட்சம் சதுர கிலோமீட்டர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் எண். ஜப்பானின் மொத்த நிலப்பரப்பைவிட அது பெரியது. இரண்டு பாறைகளும் நீரில் மறைந்தால் அந்த வட்டத்துக்கு மையமே இல்லை.

எனவே 1987-இல் வேலை தொடங்கியது. பாறைகளைச் சுற்றி ஆயிரக்கணக்கில் இரும்பாலான அலைதடுப்புக் கட்டைகளை அடுக்கினார்கள். உள்ளே 50 மீட்டர் விட்டத்தில் வட்டமாகக் கான்கிரீட் வார்த்தார்கள். நடுவில் மட்டும் ஒரு குழி. அந்தக் குழிக்குள் பாறை. கிழக்குச் சிறுதீவின் மேல், அலை எறியும் கற்கள் பட்டுச் சிதையாமலிருக்க டைட்டேனியக் கம்பி வலை போட்டார்கள். அவ்வளவு கான்கிரீட் கொண்டுபோனவர்கள் பாறையின் தலையிலும் ஒரு அடுக்கு பூசிவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடுமே என்று தோன்றலாம். அங்கேதான் சட்டம் குறுக்கே நிற்கிறது. ஐக்கிய நாடுகளின் கடற்சட்ட ஒப்பந்தம் தீவு என்று ஏற்பது இயற்கையாக உருவாகி, கடல் ஏறும்போதும் நீருக்கு மேலே நிற்கும் நிலத்தை மட்டுமே. மனிதர் கட்டிய மேடைக்குச் சொந்தக் கடல் கிடையாது. கான்கிரீட் பூசிய கணமே பாறை தன் தகுதியை இழக்கும். பக்கத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் கட்டலாம், தொடக்கூடாது. அந்த 6 சென்டிமீட்டரும் 16 சென்டிமீட்டரும் பவளம் தானாகக் கட்டியதாகவே இருந்தாக வேண்டும்.

கணக்கை இரண்டு விதமாக எழுதலாம். பாறைக்கு வகுத்தால், முன்பே சொன்னபடி, சதுர மீட்டருக்கு 302 கோடி யென். கடலுக்கு வகுத்தால், 2,850 கோடியை நான்கு லட்சத்தால் வகுக்க, சதுர கிலோமீட்டருக்கு 71,250 யென். முதல் எண்ணைப் பார்ப்பவர் இது வீண் என்பார். இரண்டாவதைப் பார்ப்பவர் இதைவிட மலிவாக உலகில் எதுவும் கிடைக்காது என்பார். தோக்கியோவில் இருந்த அதிகாரிகள் இரண்டாவது எண்ணைப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டார்கள். அவர்கள் இடத்தில் 1987-இல் இருந்திருந்தால் நானும் போட்டிருப்பேன் என்றே நினைக்கிறேன்.

ஆனால் செலவு அங்கே நிற்கவில்லை. 2005-இல் அன்றைய தோக்கியோ ஆளுநர் இஷிஹாரா ஷிந்தாரோ நேரில் போய்ப் பாறையில் கால்வைத்தார். முகவரிப் பலகை வைக்கப்பட்டது: தோக்கியோ, ஒகசவாரா கிராமம், ஒகினோதொரிஷிமா, எண் 1. 2007-இல் விளக்கு ஒன்று ஏற்றப்பட்டது. 2006 முதல் மீன்வளத் துறை இத்திட்டின் பவளங்களை ஒகினாவாவுக்குக் கொண்டுபோய் இனப்பெருக்கம் செய்யவைத்து, குஞ்சுப் பவளங்களைத் திருப்பிக் கொண்டுவந்து நடத் தொடங்கியது. கான்கிரீட்டால் உயர்த்தக் கூடாததைப் பவளத்தால் உயர்த்தும் முயற்சி இது. உலகின் கடல்மட்டம் ஆண்டுக்கு 3 மில்லிமீட்டருக்கு மேல் ஏறிக்கொண்டிருக்கிறது. அந்த வேகத்தில் இருபதே ஆண்டுகளில் 6 சென்டிமீட்டர் போய்விடும். ஆகவே இந்தப் பட்டியலில் மிக அறிவார்ந்த செலவு பவள நடவுதான்.

மிகப் பெரிய செலவு 2011-இல் வந்தது. முந்தைய ஆண்டு, தொலைதூரத் தீவுகளைக் காப்பதற்கென்று தனிச் சட்டம் இயற்றியிருந்தார்கள். அதன்படி ஒகினோதொரிஷிமாவில் 160 மீட்டர் நீளமுள்ள கப்பல் துறை கட்ட முடிவாகி, 7,500 கோடி யென் மதிப்பிடப்பட்டது. பாறைகளைக் காத்த செலவைப் போல இரண்டரை மடங்குக்கு மேல். 2014 மார்ச் 30 அன்று, துறையின் ஒரு பகுதியாகப் பொருத்தக் கொண்டுவந்த மிதவை மேடை கவிழ்ந்தது. 16 பேர் கடலில் விழுந்தார்கள். 7 தொழிலாளர்கள் இறந்தார்கள். அந்தத் துறையின் கணக்கில் யென்னுக்கு முன்னால் எழுதப்பட வேண்டிய எண் இதுதான். வேலை முடியும் கெடு பிறகு பலமுறை தள்ளிப்போனது.

இவ்வளவு செலவுக்கும் கைமேல் கிடைத்த வரவு என்ன? 2016 ஏப்ரலில் இந்த நீர்ப்பரப்பில் மீன் பிடித்த தைவான் படகு ஒன்றை ஜப்பானியக் கடலோரக் காவல் படை பிடித்தது. 60 லட்சம் யென் பிணைத்தொகை கட்டிய பின்பே படகு விடப்பட்டது. தைவான் அரசு இது பாறைதான், தீவில்லை என்று சொல்லித் தன் ரோந்துக் கப்பல்களை அனுப்பியது. சீனா 2004 முதலே இதையே சொல்லிவருகிறது. கடற்சட்ட ஒப்பந்தத்தின் 121-ஆவது பிரிவில் மூன்றாவது உட்பிரிவு, மனிதக் குடியிருப்பையோ சொந்தப் பொருளாதார வாழ்வையோ தாங்க முடியாத பாறைகளுக்குப் பொருளாதார மண்டலம் கிடையாது என்கிறது. அதே 2016 ஜூலையில் தென்சீனக் கடல் வழக்கை விசாரித்த நடுவர் மன்றம், இத்து அபா என்னும் தீவையே வெறும் பாறை என்று தீர்ப்பளித்தது. இத்து அபாவில் நல்ல தண்ணீர்க் கிணறு உண்டு, மரங்கள் உண்டு, மருத்துவமனை உண்டு, விமான ஓடுபாதை உண்டு. அதன் பரப்பு 0.4 சதுர கிலோமீட்டருக்கு மேல், ஒகினோதொரிஷிமாவின் பாறைகளைப் போல நாற்பதாயிரம் மடங்குக்கும் அதிகம். அந்தத் தீர்ப்பு ஜப்பானைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அந்த அளவுகோலை எடுத்து வைத்தால் 9.44 சதுர மீட்டர் எங்கே நிற்கும் என்பதற்குச் சட்டப் படிப்பு தேவையில்லை.

கணக்கில் வரவு வைக்கத்தக்க ஒன்றும் உண்டு. 2012-இல் ஐ.நா.வின் கண்டத்திட்டு எல்லை ஆணையம் ஜப்பான் கேட்டதில் ஒரு பகுதிக்குப் பரிந்துரை அளித்தது. அதன் அடிப்படையில் 2014 அக்டோபரில் ஏறத்தாழ 1.77 லட்சம் சதுர கிலோமீட்டர் கடலடித் தரை ஜப்பானின் கண்டத்திட்டில் சேர்ந்தது. ஆனால் ஒகினோதொரிஷிமாவுக்குத் தெற்கே நீளும் மலைமுகட்டுப் பகுதியை ஆணையம் முடிவு சொல்லாமல் ஒத்திவைத்தது.

கிழக்கும் மேற்கும்

கிழக்குக் கோடியின் கணக்கு வேறு மாதிரி. மினாமிதொரிஷிமா உண்மையான தீவு. முக்கோண வடிவம், 1.5 சதுர கிலோமீட்டர், உயரம் 9 மீட்டர். தோக்கியோவிலிருந்து ஏறத்தாழ 1,860 கிலோமீட்டர். ஜப்பானின் தீவுகளில் பசிபிக் நிலத்தட்டின் மேல் உட்கார்ந்திருப்பது இது ஒன்றுதான். 1896-இல் மிசுதானி ஷின்ரோக்கு என்பவர் ஆட்களோடு குடியேறினார். 1898-இல் ஜப்பான் தன்னோடு சேர்த்துக்கொண்டது. அவர்கள் அங்கே பறவைகளைப் பிடித்து இறகுக்காக விற்றார்கள். பறவை தீர்ந்ததும் குடியிருப்பும் தேய்ந்தது. இன்று பொதுமக்கள் யாரும் இல்லை. வானிலைத் துறையினரும் தற்காப்புப் படையினரும் முறைவைத்து வந்து தங்கிப் போகிறார்கள். 1,370 மீட்டர் நீளத்தில் ஓர் ஓடுபாதை. 1993 முதல் காற்றில் கரியமில வாயுவை அளந்துவருகிறார்கள். சுற்றிலும் ஆயிரம் கிலோமீட்டருக்கு ஆலைப் புகை எதுவும் இல்லாததால், அங்கே கிடைக்கும் எண்ணை உலகம் நம்புகிறது. எந்தக் கோடி தன் செலவுக்கு ஈடாக மனித குலத்துக்கு எதையாவது திருப்பித் தருகிறது என்று கேட்டால் நான் முதலில் இதைத்தான் சொல்வேன்.

இங்கும் 160 மீட்டர் கப்பல் துறை உண்டு. தொடக்க மதிப்பீடு 2,500 கோடி யென். இங்கே எதிர்பார்க்கப்படும் வரவு கடலடிச் சேற்றில் இருக்கிறது. தீவின் தெற்கே ஐயாயிரத்து ஐந்நூறு மீட்டருக்கும் ஆழத்தில் அருமண் தனிமங்கள் செறிந்த சேறு படிந்திருக்கிறது. 2018-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்ட கணக்குப்படி ஏறத்தாழ 2,500 சதுர கிலோமீட்டர் பரப்பில் 1.6 கோடி டன்னுக்கு மேல் அருமண் ஆக்சைடு. உலகத் தேவையில் யிட்ரியம் 780 ஆண்டுகளுக்கும், டிஸ்ப்ரோசியம் 730 ஆண்டுகளுக்கும் போதும் என்றார்கள். செய்தித்தாள்கள் இந்த எண்களைக் கொண்டாடின. ஆனால் ஆறு கிலோமீட்டர் நீர்த்தூணுக்கு அடியிலிருந்து ஒரு டன் சேற்றை மேலே கொண்டுவர ஆகும் செலவு என்ன, சேற்றைக் கிளறினால் அங்குள்ள உயிர்களுக்கு என்ன ஆகும் என்ற இரண்டு கேள்விகளுக்கு விடை வரும்வரை 780 ஆண்டு என்பதை வரவுப் பத்தியில் எழுதக்கூடாது. இருப்பு என்று வேண்டுமானால் எழுதலாம். இருப்பு வேறு, வரவு வேறு. 2026 ஜனவரியில் சிக்யூ என்னும் துளையிடும் ஆய்வுக் கப்பல் அந்த ஆழத்திலிருந்து சேறு எடுக்கும் சோதனைக்குப் புறப்பட்டது.

மேற்குக் கோடிதான் நான்கிலும் ஊராக இருக்கும் ஒன்று. யோனாகுனி, 29 சதுர கிலோமீட்டர், மக்கள் ஏறத்தாழ 1,700 பேர். தைவான் 111 கிலோமீட்டரில். ஜப்பானின் இஷிகாகித் தீவு அதைவிடத் தொலைவு, 127 கிலோமீட்டர். வானம் தெளிந்த சில நாள்களில் தைவானின் மலைகள் தெரியும். போர் முடிந்த சில ஆண்டுகள், எல்லை தாண்டிய கள்ள வணிகம் கொழித்தபோது, இங்கே பன்னிரண்டாயிரம் பேர்வரை இருந்தார்கள். கடலில் எல்லை இறுகியதும் தீவு காலியாகத் தொடங்கியது. எழுவரில் ஆறுவர் இன்று அங்கே இல்லை.

அளவைக்காரர்களும் யோனாகுனியைக் கொஞ்சம் பெரிதாக்கினார்கள். 2019-இல் வரைபடத்தைத் திருத்தியபோது, இரிசாகி முனைக்கு வடவடமேற்கே 260 மீட்டரில் உள்ள துயிஷி என்னும் பாறையைச் சேர்த்தார்கள். அதனால் ஜப்பான் மேற்கே 110 மீட்டர் நீண்டது. செலவு ஒன்றும் இல்லை.

2015 பிப்ரவரி 22 அன்று இந்த ஊரில் ஒரு வாக்கெடுப்பு நடந்தது. தற்காப்புப் படையின் கண்காணிப்பு முகாம் வரலாமா என்பது கேள்வி. நடுநிலைப் பள்ளி மாணவர்களுக்கும் வாக்கு இருந்தது. 85 சதவீதத்துக்கு மேல் வாக்குப் பதிவு. ஆதரவு 632, எதிர்ப்பு 445. மறு ஆண்டு மார்ச்சில் முகாம் திறந்தது. ஏறத்தாழ 160 பேர் வந்தார்கள், சிலர் குடும்பத்தோடு. ஆயிரத்து ஐந்நூறை ஒட்டியிருந்த மக்கள்தொகை சற்று ஏறியது. நிலத்துக்குக் குத்தகையாக ஊராட்சிக்கு ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி யென் அளவில் கிடைக்கிறது. பள்ளி மதிய உணவுக் கட்டணத்தை நீக்க அது உதவியது. 187 வாக்கு வித்தியாசத்தில் ஓர் ஊர் இரண்டாகப் பிரிந்து நின்றதையும், அந்தப் பிரிவு குடும்பங்களுக்குள்ளேயே ஓடியதையும் ஒன்றரைக் கோடி யென்னோடு நேர்செய்ய எனக்கு மனம் வரவில்லை. ஒகினோதொரிஷிமாவைக் காக்கச் செலவிட்ட முதல் தொகையை மட்டும் எடுத்தாலும், இந்தக் குத்தகைக் கணக்கில் 1,900 ஆண்டுகளுக்கு யோனாகுனிக் குழந்தைகள் சாப்பிடலாம்.

வடக்கு, மேலே, கீழே

வடகோடிக்கு அதிகம் செலவில்லை, அதனால் அதிகம் சொல்லவும் இல்லை. பென்தென்ஜிமா அரை எக்டேர் பாறை, உயரம் 20 மீட்டர். பென்தென் என்பது பௌத்தத்தோடு ஜப்பானுக்குப் போன நம் சரஸ்வதிதான். எதிர்க்கரையில் ரஷ்யாவின் சகாலின் 43 கிலோமீட்டரில். ஜப்பான் தன்னுடையது என்று கோரும் எதொரோஃபுத் தீவைச் சேர்த்துக்கொண்டால் வடகோடி அங்குள்ள கமுயிவக்கா முனைக்குப் போய்விடும். ஆனால் எதொரோஃபுவும் அதனோடு சேர்ந்த தீவுகளும், மொத்தம் சுமார் 5,000 சதுர கிலோமீட்டர், 1945 ஆகஸ்டு செப்டம்பரிலிருந்து முதலில் சோவியத் ஒன்றியத்தின் கையிலும் பிறகு ரஷ்யாவின் கையிலும் இருக்கின்றன. அங்கே வாழ்ந்த ஏறத்தாழ 17,000 ஜப்பானியர்கள் வெளியேற வேண்டியிருந்தது. ஹொக்கைதோவின் நோசப்பு முனையிலிருந்து பார்த்தால் அந்தத் தீவுகளில் கிட்டத்தில் உள்ளது 3.7 கிலோமீட்டர்தான். 9.44 சதுர மீட்டரைக் காக்க முடிந்த பணத்தால் இந்த 5,000 சதுர கிலோமீட்டரில் ஒரு பிடி மண்ணைக்கூட மீட்க முடியவில்லை.

மேல்கோடி ஃபூஜி மலை, 3,776 மீட்டர். 1959-இல் இசே வளைகுடாப் புயல் 5,000-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. அதன்பின் புயலை முன்கூட்டிக் காண மலையுச்சியில் ரேடார் வைக்க முடிவெடுத்து, 1964-இல் கட்டி முடித்தார்கள். செலவு 24 கோடி யென். 800 கிலோமீட்டர் தொலைவுவரை பார்த்தது. செயற்கைக்கோள்கள் வந்த பின் 1999-இல் ஓய்வு பெற்றது. அன்றைய 24 கோடி இன்றைய மதிப்பில் பல மடங்கு ஆகும்தான். இருந்தாலும் ஜப்பான் தன் கோடிகளில் செலவழித்த பணத்தில், உயிருக்கு நேராகப் பயன்பட்ட யென் இதுவே. இன்று உச்சிக்கு ஏறுபவர் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்த வேண்டியிருக்கிறது. 2023-இல் 2.2 லட்சம் பேர், 2024-இல் 2 லட்சத்துச் சொச்சம், 2025 முதல் எல்லா வழிகளிலும் ஆளுக்கு 4,000 யென் கட்டணம்.

கீழ்க்கோடி அகிதா மாவட்டத்தின் ஹச்சிரோகாதா. ஒரு காலத்தில் நாட்டின் இரண்டாவது பெரிய ஏரி. நெதர்லாந்து நிபுணர்களின் ஆலோசனையோடு 1957-இல் கரை கட்டித் தண்ணீரை இறைக்கத் தொடங்கினார்கள். 1977-இல் முடிந்தபோது கடல்மட்டத்துக்கு 4 மீட்டர் கீழே 17,000 எக்டேர் விளைநிலம் கிடைத்திருந்தது. செலவு ஏறத்தாழ 8,520 கோடி யென், சதுர மீட்டருக்குச் சுமார் 500 யென். நாடெங்கிலுமிருந்து 589 குடும்பங்கள் வந்து குடியேறி ஒகாதா என்னும் கிராமம் உண்டானது. குடும்பத்துக்கு 14 கோடி யென்னுக்கு மேல் என்று வகுத்துச் சொல்லி இதைப் பழித்தவர்கள் உண்டு. அதிலும் வேதனை, குடியேற்றம் நடந்துகொண்டிருக்கும்போதே 1970-இல் அரசு நெல் சாகுபடியைக் குறைக்கச் சொல்லிவிட்டது. நெல் விளைக்க ஏரியைத் துறந்த நாட்டில், நெல் விளைத்த குற்றத்துக்காக ஒகாதா உழவர்கள் பல ஆண்டுகள் அரசோடு மல்லுக்கு நின்றார்கள். ஆனாலும் அந்த 500 யென் நிலத்தில் இன்றும் கதிர் முற்றுகிறது. ஊரார் அங்கே ஒரு மண்மேடு எழுப்பி ஒகாதா ஃபூஜி என்று பெயரிட்டிருக்கிறார்கள். உயரம் 3.776 மீட்டர், உண்மையான ஃபூஜியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதன் உச்சி சரியாகக் கடல்மட்டத்தில் இருக்கும்படி அளந்து கட்டியது.

கடைசி வரி

2023-இல் ஜப்பான் தன் தீவுகளை மீண்டும் எண்ணியது. 1987-இல் 6,852 என்றிருந்தது 14,125 ஆயிற்று. நிலம் கூடவில்லை, வரைபடம் துல்லியமானது. 100 மீட்டருக்குக் குறையாத சுற்றளவு இருந்தால்தான் கணக்கில் சேர்த்தார்கள். வடக்குச் சிறுதீவின் 7.86 சதுர மீட்டரை வட்டமாக நினைத்தால் சுற்றளவு 10 மீட்டர்கூட நிறைவாக வராது.

இந்தப் பதினான்காயிரத்தில் மனிதர் வாழ்பவை நானூற்றுச் சொச்சம்தான். 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ஒரு சட்டம், எல்லைப்புறத்தில் மக்கள் வாழும் 148 தீவுகளைக் குறித்து, அவற்றில் 71 தீவுகளைத் தனி உதவிக்கு எடுத்துக்கொண்டது. த்சுஷிமா, இகி, கோத்தோ, சாதோ எல்லாம் அதில் உண்டு. யோனாகுனி இல்லை; ஒகினாவாவுக்குத் தனிச் சட்டம் இருப்பதால் விட்டுவிட்டார்கள். படகுக் கட்டணத்தையும் விமானக் கட்டணத்தையும் குறைப்பது, சரக்கு ஏற்றும் செலவில் பங்கு கொடுப்பது, புதிதாக வேலை உண்டாக்குவோருக்கு உதவுவது ஆகியவை நோக்கம். முதல் ஆண்டு மானியம் 500 கோடி யென். அந்த 71 தீவுகளிலும் இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வாழ்கிறார்கள். ஆளுக்கு ஆண்டுக்கு இருபதாயிரம் யென்னுக்குள்.

ஒகினோதொரிஷிமாவுக்கு வருவோம். காப்பு வேலைக்கு 2,850 கோடி, துறைக்கு மதிப்பிட்டது 7,500 கோடி. கூட்டினால் 10,350 கோடி. வெவ்வேறு ஆண்டுகளின் யென்னைக் கூட்டுவது பொதுவாகத் தவறான முறை. ஆனால் 1990-களின் தொடக்கத்திலிருந்து இருபது ஆண்டுகள் ஜப்பானில் விலைவாசி ஏறக்குறைய அசையவே இல்லை என்பதால் இங்கே பெரிய பிழை வராது. 10,350-ஐ 500-ஆல் வகுத்தால் 20.7. எழுபத்தொரு தீவுகளின் இருபது ஆண்டு மானியம்.

இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது, ஒன்று கடலுக்கான செலவு, மற்றது மக்களுக்கான செலவு என்று வாதிடலாம். அந்த வாதத்தை அந்தச் சட்டமே மறுக்கிறது. எல்லைத் தீவுகளில் மக்கள் தொடர்ந்து வாழ்வதுதான் கடல் எல்லையைக் காக்கும் வழி என்று சொல்லித்தான் அந்த மானியம் தரப்படுகிறது. கடற்சட்ட ஒப்பந்தத்தின் 121-ஆவது பிரிவும் மனிதக் குடியிருப்பையும் பொருளாதார வாழ்வையுமே அளவுகோலாக வைக்கிறது. சாதோவில் ஒரு பள்ளி மூடப்படாமல் இருப்பதும், த்சுஷிமாவில் ஒரு மீனவர் தன் மகனுக்குப் படகை விட்டுப்போவதும், யோனாகுனியில் பிள்ளை பெற இஷிகாகிக்கு விமானம் ஏற வேண்டிய நிலை மாறுவதும் எந்த நடுவர் மன்றத்திலும் கேள்விக்கு உள்ளாகாத சான்றுகள். டைட்டேனிய வலைக்கு அந்த வலிமை இல்லை.

மானியச் சட்டத்துக்கு இயற்றும்போதே பத்தாண்டுக் கெடு வைத்தார்கள்: 2027 மார்ச் 31. அதன்பின் எழுதப்படும் வரியில் 500 கோடி 1,000 கோடியாக வேண்டும், யோனாகுனியும் ஹதெருமா போன்ற மற்ற ஒகினாவாத் தீவுகளும் அதற்குள் வர வேண்டும் என்று நான் விரும்புகிறேன். கூடுதலாகத் தேவைப்படுவது ஆண்டுக்கு 500 கோடி யென். ஒகினோதொரிஷிமாத் துறைக்கு மட்டும் மதிப்பிட்ட தொகை அதைப் பதினைந்து ஆண்டுகளுக்குத் தாங்கும்.